தொப்பி, நிழல், நிறைய காபித்தூள்

கண்ணாடிக் கதவில் பெயர் எழுதிய ஒரு சின்ன அலுவலகம். ஜன்னல் திரைப்பட்டைகளின் இடுக்கு வழியாகச் சுவரில் வரிவரியாக வெளிச்சம். மேசைமேல் காலைப் போட்டபடி, வாடகை பாக்கி வைத்திருக்கும் ஒரு தனியார் துப்பறிவாளர். கதவு திறக்கிறது, அழகி ஒருத்தி உள்ளே வருகிறாள். அவள் சொல்வதில் பாதி பொய். படம் முடிவதற்குள் அவர் ஒரு தடவையாவது பின்மண்டையில் அடிவாங்கி மயங்கி விழுவார்.

1940-களின் அமெரிக்க 'நுவார்' துப்பறியும் படங்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சிகள் இவை. இந்தப் படங்களைக் கேலி செய்து வந்த நகைச்சுவைப் படங்கள் எனக்கு உயிர். ஆனால் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினால் பாதிப் பேர் "இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான். கேலி செய்யப்படும் மூலத்தைப் பார்க்காதவருக்கு இந்தப் படங்கள் பாதிதான் கண்ணில் படும்.

ஆகவே முதலில் நான்கு மூலப் படங்கள். 'தி மால்டீஸ் ஃபால்கன்' (1941), 'டபுள் இன்டெம்னிட்டி' (1944), 'தி பிக் ஸ்லீப்' (1946), 'தி கில்லர்ஸ்' (1946). இவற்றைப் பார்க்கும்போது கதை முடிச்சுகளைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டாம். 'தி பிக் ஸ்லீப்' படப்பிடிப்பின்போது, கதையில் வரும் கார் டிரைவரைக் கொன்றது யார் என்று படக்குழுவுக்கே குழப்பம் வந்துவிட்டது. நாவலை எழுதிய ரேமண்ட் சாண்ட்லரிடம் கேட்டார்கள். அவருக்கும் தெரியவில்லை. இந்தப் படங்களில் யார் கொன்றது என்பதைவிட, அந்த அறையில் விளக்கு எங்கே இருக்கிறது, யார் முகம் இருட்டில் இருக்கிறது, பின்னணியில் கதை சொல்லும் குரல் எவ்வளவு களைத்திருக்கிறது என்பவைதான் முக்கியம்.

இந்த இருட்டுக்கும் காரணங்கள் உண்டு. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த பில்லி வைல்டர், ராபர்ட் சியோட்மாக் போன்ற இயக்குநர்கள் பெர்லின் சினிமாவின் நிழல் விளையாட்டைக் கையோடு கொண்டுவந்தார்கள். பட்ஜெட் குறைந்த படங்களுக்கு இருட்டு வசதியாகவும் இருந்தது. ஒரு மூலையை இருட்டாக்கிவிட்டால் அங்கே செட் போட வேண்டாம். அப்போதைய தணிக்கை விதிகள் படுக்கையறையைக் காட்ட விடவில்லை. ஆகவே ஆசை முழுவதும் சிகரெட் பற்றவைப்பதிலும் இரட்டை அர்த்தப் பேச்சிலும் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த நிழல் சென்னைக்கும் வந்தது: எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) பார்த்தவர்களுக்கு இந்த உலகம் அந்நியமாகவே இருக்காது.

இவற்றைப் பார்த்தபின் எடுத்துக்கொள்ள வேண்டிய படம், கார்ல் ரைனர் இயக்கி ஸ்டீவ் மார்ட்டின் நடித்த 'டெட் மென் டோன்ட் வேர் பிளாட்' (1982). ஏறத்தாழ 20 பழைய படங்களிலிருந்து காட்சித் துண்டுகளை வெட்டி எடுத்து, அவற்றுக்கு நடுவே புதிதாகப் படம் பிடித்த காட்சிகளைக் கோத்து, முற்றிலும் வேறொரு கதையைச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டீவ் மார்ட்டின் ரிக்பி ரியர்டன் என்ற துப்பறிவாளர். அவர் ஹம்ப்ரி போகார்ட்டிடம் ஆலோசனை கேட்கிறார், ஆலன் லாட்டிடம் மாட்டிக்கொள்கிறார், இங்கிரிட் பெர்க்மனோடு பேசுகிறார். அவர்களில் யாருக்கும் தாங்கள் ஒரு நகைச்சுவைப் படத்தில் இருப்பது தெரியாது. சிரிப்பின் ஊற்று அங்கேதான் இருக்கிறது.

ஒரு காட்சியைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 'தி கில்லர்ஸ்' படத்தின் ஆரம்பத்தில், வாடகை அறைக் கட்டிலில் பர்ட் லங்காஸ்டர் படுத்துக் கிடக்கிறார். கொலைகாரர்கள் வருகிறார்கள் என்று ஒரு இளைஞன் ஓடிவந்து எச்சரிக்கிறான். அவர் அசையவில்லை. முகம் இருட்டில். சாவை ஏற்றுக்கொண்டுவிட்ட மனிதனின் களைத்த குரல் மட்டும் வருகிறது. நுவார் படங்களில் இதைவிடக் கனமான காட்சிகள் குறைவு. 1982-இல் அந்த இளைஞன் இருந்த இடத்தில் ரிக்பி. லங்காஸ்டர் அதே இருட்டில், அதே களைப்போடு பேசிக்கொண்டிருக்க, ரிக்பி அவருக்குக் காபி போடக் கிளம்புகிறார். பாத்திரத்தில் காபித்தூளைக் கொட்டுகிறார். கொட்டிக்கொண்டே இருக்கிறார். நிறுத்துவார் என்று நாம் நினைக்கும் இடத்தைத் தாண்டியும் தூள் விழுந்துகொண்டே இருக்கிறது. அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட இல்லை. காபி நன்றாக வர வேண்டும் என்ற அக்கறை மட்டும்தான். பழைய படத்தின் துக்கத்தை யாரும் தொடவில்லை, அது அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு காபிப் பாத்திரத்தை வைத்தார்கள், அவ்வளவுதான். 'தி கில்லர்ஸ்' பார்க்காதவருக்கு இது வெறும் காபி ஜோக். பார்த்தவருக்குத் தொண்டை அடைப்பதும் சிரிப்பு வருவதும் ஒரே நேரத்தில் நேரும்.

இந்தப் படத்தை வெறும் கத்தரி வேலை என்று நினைத்துவிடக் கூடாது. டைட்டிலில் வரும் பெயர்களை நிதானமாகப் படியுங்கள். உடைகள் ஈடித் ஹெட். 'டபுள் இன்டெம்னிட்டி'யில் பார்பரா ஸ்டான்விக்குக்கு உடை வடிவமைத்தவர் இவரே. இந்தப் படம் வெளிவரும் முன்பே, 1981-இல் காலமாகிவிட்டார். இசை மிக்லோஸ் ரோஜா. 'டபுள் இன்டெம்னிட்டி', 'தி கில்லர்ஸ்' இரண்டுக்கும் இசையமைத்தவர். திரைப்படத்துக்கு அவர் அமைத்த கடைசி இசை இதுதான். ஒளிப்பதிவு, 'ரேஜிங் புல்' படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த மைக்கேல் சாப்மன். மூலப் படங்களைச் செய்த கைகளே அவற்றின் கேலியையும் செய்திருக்கின்றன. ரோஜா தன் இசையைக் கோமாளித்தனமாக மாற்றிக்கொள்ளவில்லை. 1946-இல் எழுதிய அதே தீவிரத்தோடு எழுதியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இது நகைச்சுவைப் படம் என்று சத்தியமாகச் சொல்ல முடியாது.

முதல் தடவை சிரித்துவிட்டு, இரண்டாம் தடவை ஒட்டு விழும் இடங்களை மட்டும் கவனியுங்கள். பழைய துண்டில் நடிகர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ, அந்த உயரத்தில்தான் மார்ட்டினின் கண் இருக்கும். அங்கே இடப்பக்கத்து விளக்கு என்றால் இங்கேயும் இடப்பக்கம்தான். தலையணை, சுவர்த்தாள், தொலைபேசி எல்லாம் பொருந்தியாக வேண்டும். 'டபுள் இன்டெம்னிட்டி' துண்டில் ஃபிரெட் மக்மர்ரேக்கு எதிரே ஸ்டான்விக் இருக்க வேண்டிய இடத்தில், மார்ட்டின் பொன்னிற விக் மாட்டிக்கொண்டு நிற்கிறார். மக்மர்ரேயின் கண்களில் உண்மையான மயக்கம். அது யாரைப் பார்த்து வந்த மயக்கம் என்று நமக்குத் தெரியும்.

எல்லாமே தேறும் என்று சொல்ல மாட்டேன். மயங்கிக் கிடக்கும் பெண்மேல் கதாநாயகன் கை வைக்கும் நகைச்சுவை இன்று அருவருப்பாக இருக்கிறது. பாலாடைக்கட்டியையும் நாஜிகளையும் முடிச்சுப் போடும் கடைசிப் பகுதியில் வேகம் குறைகிறது. நாயகியாக வரும் ரேச்சல் வார்ட் மட்டும் கடைசிவரை தளரவில்லை. ரிக்பியின் தோளில் பாய்ந்த குண்டை வாயால் உறிஞ்சி எடுத்துத் துப்பும்போதுகூட அவர் முகத்தில் ஒரு நுவார் நாயகியின் மிடுக்கு இருக்கிறது.

அடுத்து அந்தக் குரல். நுவார் துப்பறிவாளர் தன் கதையைத் தானே சொல்வார், உவமைமேல் உவமையாக அடுக்குவார். 'அவள் சிரித்தாள், என் கோட்டுப் பையில் இருந்த பர்ஸ் இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டது' என்ற மாதிரி நானே ஒன்று கட்டிப் பார்க்கிறேன். மூலப் படம் அங்கே நிறுத்திக்கொள்ளும். கேலிப்படம் நிறுத்தாது: 'பர்ஸுக்குள் இருந்த இரண்டு டாலரும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன' என்று ஒரு படி மேலே போகும். ஆனால் குரலின் தொனி மாறவே கூடாது. அதே களைப்பு, அதே கரகரப்பு. ஆகவே சப்டைட்டிலை வைத்துக்கொண்டாலும் காதையும் கொடுங்கள். வார்த்தை எல்லை மீறும்போது குரல் மீறாமல் இருப்பதைக் கேட்டுப் பழகிவிட்டால் பாதி ரசனை வந்துவிடும்.

நீல் சைமன் எழுதி பீட்டர் ஃபாக் நடித்த 'தி சீப் டிடெக்டிவ்' (1978) இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. ஃபாக் அருமையான நடிகர், வசனங்களும் கூர்மை. ஆனால் கூட நடிப்பவர்கள் பலர் தாங்கள் ஜோக் சொல்வதைத் தெரிந்துகொண்டே சொல்கிறார்கள். போதாததற்குப் படம் வண்ணத்தில். நிழலுக்கு வேலையே இல்லை.

மூலப் படங்கள் சூடாக ஓடிக்கொண்டிருந்தபோதே வந்த கேலி ஒன்று உண்டு: பாப் ஹோப் நடித்த 'மை ஃபேவரிட் புரூனெட்' (1947). மரண தண்டனைக் கைதி ஒருவன் பத்திரிகையாளர்களிடம் தன் கதையைச் சொல்வதில் படம் ஆரம்பிக்கிறது. அசல் நுவார் தொடக்கம். ஆனால் கைதி, குழந்தைகளைப் படம் பிடிக்கும் ஒரு போட்டோகிராபர்! பக்கத்து அலுவலகத்துத் துப்பறிவாளர் இல்லாத நேரத்தில், அவர்தான் என்று நினைத்து டாரதி லமூர் இவரிடம் உதவி கேட்டுவிடுகிறார். அந்த நிஜத் துப்பறிவாளராகச் சில நிமிடங்கள் தலைகாட்டுவது யார் தெரியுமா? ஆலன் லாட். வில்லன் கூட்டத்தில் 'தி மால்டீஸ் ஃபால்கன்' புகழ் பீட்டர் லோரே. லோரேயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்: பாப் ஹோப் எத்தனை சேட்டை செய்தாலும், இவர் அசல் நுவாரில் நடிப்பதுபோலவே அமைதியாகக் கத்தியை எடுக்கிறார். அமெரிக்காவில் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போன படம் என்பதால் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும்.

'ஹூ ஃபிரேம்டு ரோஜர் ராபிட்' (1988) பெரும்பாலும் குழந்தைகள் படமாகவே ஒதுக்கப்படுகிறது. அது நடப்பது 1947 லாஸ் ஏஞ்சல்ஸில். பாப் ஹாஸ்கின்ஸ், குடித்துக் குடித்து நொந்துபோன துப்பறிவாளர். விசாரணை கடைசியில் போய் நிற்பது நகரத்தின் டிராம் வண்டிகளை ஒழிக்கும் ஒரு சதியில். ஊழலும் நிலமும் கலந்த நல்ல நுவார் கதை. இதிலும் ஒரு விளக்கைப் பாருங்கள். மதுக்கடையின் பின்னறையில், ரோஜர் என்ற கார்ட்டூன் முயலோடு சேர்த்துப் பூட்டிய கைவிலங்கை ஹாஸ்கின்ஸ் அறுக்க முயல்கிறார். தலைக்கு மேல் தொங்கும் விளக்கில் இடித்துவிடுகிறார். விளக்கு ஆடுகிறது, வெளிச்சமும் நிழலும் அறை முழுக்கப் போய்ப் போய் வருகின்றன. கையால் வரைந்த அந்த முயலின் உடம்பிலும் ஒவ்வொரு பிரேமிலும் நிழல் சரியாக நகர்கிறது. விளக்கை ஆடவிடாமல் இருந்திருந்தால் ரிச்சர்ட் வில்லியம்ஸின் அனிமேஷன் குழுவுக்கு எவ்வளவோ வேலை மிச்சமாகியிருக்கும்; யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். கார்ட்டூன் முயலையும் நுவார் வெளிச்சத்துக்குள் முழுதாகக் கொண்டுவர அவர்கள் அவ்வளவு உழைத்திருக்கிறார்கள்.

வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பதானால் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம். ரொம்பச் சின்னக் குழந்தைகள் என்றால் மட்டும், வில்லன் ஜட்ஜ் டூம் ஒரு கார்ட்டூன் ஷூவைக் கரைசலில் முக்கும் காட்சி வரும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.