பேயுருவும் முறையீடும்: வீடியோ விளையாட்டுகளில் அசுர வடிவாக்கம்

திருவனந்தபுரம் பழவங்காடியில் தேங்காய் உடைபடும் ஓசையினூடே வழிபடப்பெறும் கணபதி, முன்னர்ப் பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர்ப் படைவீரர்களால் போற்றப்பெற்றவர் என்பர். இரவுக் காவலில் நின்ற வீரனை யட்சி அச்சுறுத்தியதும், அவ்வச்சம் நீங்கக் கணபதி வழிபாடு துணைநின்றதும் செவிவழிக் கதையாக வழங்குகின்றன. இக்கோயில் இன்றும் இந்தியப் படையின் பொறுப்பிலேயே உள்ளது. இக்கதையைச் சொல்வோர் யட்சியின் உருவத்தைப் பெரும்பாலும் விரித்துரைப்பதில்லை. அவளுக்கு ஓரிடமும் ஒரு பொழுதும் உண்டு என்பதே அச்சத்திற்குப் போதுமானதாகிறது. இந்திய மரபுசார் அசுரர்களை வடிவமைக்க முற்படும் வீடியோ விளையாட்டுகளை மதிப்பிட இதனை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

அமெரிக்காவில் 1974இல் தோன்றிய 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டம் பிற்காலக் கற்பனை விளையாட்டுகள் பலவற்றிற்கும் தாய். 1977இல் வெளிவந்த அதன் விலங்குப் பட்டியல் நூலில் இராட்சதன் புலித்தலையுடன் காட்சி தருகிறான். ஜப்பானிய 'ஃபைனல் ஃபேன்டசி' வரிசையில் 1990 முதல் 'சிவா' என்ற பெயர் பனியை ஏவும் பெண்ணுருவைக் குறிக்கிறது. பெயர் மட்டும் கடன்பெற்று, அப்பெயர் சுமந்துவந்த கதையைக் கைவிடும் போக்கு இது. இதனை அயலாரின் அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் நம்மவர் செய்தவையும் இவ்வினாவிலிருந்து தப்பவில்லை.

புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' இவ்வகையில் குறிப்பிடத்தக்க முயற்சி. நாடோடிக் கலைக்குழுச் சிறுமி ராஜி, அசுரர் கவர்ந்து சென்ற தம்பி கோலுவைத் தேடிச் செல்கிறாள். துர்க்கையும் திருமாலும் உரையாடிக்கொண்டே கதை நடத்துகின்றனர். இடைக்காட்சிகள் பாவைக்கூத்தின் நிழலுருக்களாக அமைந்துள்ளன. கட்டடங்களின் எழிலும் சுவரோவியங்களும் பாராட்டுக்குரியன. ஆயின் அசுரர்கள்? அரங்கில் தோன்றுகின்றனர், தாக்குகின்றனர், அழிகின்றனர். அடுத்த வாயில் திறக்கிறது. தலைவனின் பெயர் மகாபலாசுரன். பேராற்றலுடையவன் என்பதே அதன் பொருள் எனினும், ஓணத்தன்று மாவலியை வரவேற்கும் மண்ணில் இப்பெயரைக் கேட்போர்க்கு ஒரு நெருடல் தோன்றாமற் போகாது. கேரளத்து நினைவில் அசுரன் என்பவன் நாடிழந்த நல்லரசனுமாவான்.

தமிழிலக்கியம் பேயுருவைப் புனைவதில் தயங்கியதில்லை. திருமுருகாற்றுப்படையின் பேய்மகள் கூகையும் பாம்பும் தொங்கும் காதினள். அக்காதணி அசைந்து மார்பில் மோதுகிறது. இஃது உருவ வருணனை மட்டுமன்று, அசைவின் வருணனையும் ஆகும். இன்றைய உயிரூட்டக் கலைஞர் இதனினும் நுட்பமான குறிப்பைப் பெறுதல் அரிது. காரைக்காலம்மையார் காட்டும் பேய் நரம்பெழுந்து, வயிறு குழிந்து, பல் வெளுத்து நிற்பது. அதனைப் பாடுபவரோ தம்மையே பேய் என்று சொல்லிக்கொள்பவர். வெறுப்பின்றிப் பேயைப் பார்க்கும் இப்பார்வை உலக இலக்கியத்தில் மிகுதியாகக் காணப்படுவதன்று. சிலப்பதிகாரத்துச் சதுக்கப்பூதம் தீயோரையே பற்றும். அதற்கென ஓர் இடமும் ஒரு நீதியும் வகுக்கப்பட்டுள்ளன.

வடிவாக்கத்திற்கு இன்னும் நெருங்கிய பாடம் பழவங்காடிக்கு அருகிலேயே, பத்மநாபசாமி கோயிலின் நாடகசாலையில் உள்ளது. ஆண்டிற்கு இருமுறை, பங்குனி, ஐப்பசி விழாக்களில் அங்குக் கதகளி ஆடப்பெறும் வழக்கம் உண்டு. தொலைவிலிருந்தே பாத்திரத்தின் இயல்பு புலப்பட வேண்டும் என்பது விளையாட்டு வடிவமைப்பாளர் போற்றும் விதி. கதகளி அதனை நிறத்தாலும் முடியாலும் நெடுங்காலமாகவே நிறைவேற்றி வருகிறது. இராவணனுக்குரிய கத்தி வேடத்தில் முகத்தின் அடிநிறம் நாயகர்க்குரிய அதே பச்சைதான். அதன்மேல் கத்தி வடிவச் செந்நிறக் கோடும், மூக்கிலும் நெற்றியிலும் வெண்குமிழும் அமைகின்றன. பெருமை கெட்டவன் என்பதனை முகமே சொல்லிவிடுகிறது. பச்சை வேடத்தார் வாய்திறவார். கத்தியும் தாடியும் அலறுவர். திரைச்சீலையைப் பற்றிச் சிறிது சிறிதாக முகங்காட்டும் திரைநோக்கு, விளையாட்டில் பெரும்பகைவன் தோன்றும் காட்சிக்கு ஒப்பானது. வேறுபாடு அதன் பின்னர்த்தான். கத்தி வேடத்தான் பெரும்பாலும் முதலில் சிருங்காரப் பதமே ஆடுவான். அவன் காதலனாக அறிமுகமான பின்னரே பகைவனாகிறான். விளையாட்டில் அதற்குப் பொழுதில்லை. அவன் முதலில் காட்டுவது தன் உயிரளவைக் குறிக்கும் செங்கோட்டையே.

பொழுதை உண்டாக்கிய விளையாட்டுகளும் இல்லாமலில்லை. 2005இல் வந்த ஜப்பானிய 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' பதினாறு பேருருக்களை மட்டுமே கொண்டது. ஒவ்வொன்றும் தன் நிலத்தோடு பிறந்ததுபோல் நிற்கிறது. அதனை வீழ்த்துபவர்க்கு வெற்றியைவிடத் துயரமே மிகுகிறது.

இந்நோக்கில் நீலியின் கதை ஈண்டுக் கருதத்தக்கது. கணவனால் கொலையுண்டவள் பேயாகி, மறுபிறப்பில் வணிகனாக வந்த அவனை மனைவியின் உருவெடுத்துத் தொடர்கிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக இடுப்பில் ஏந்துகிறாள். பழையனூர் வேளாளர் அவையில் முறையிட்டு வெல்கிறாள். வணிகன் மாண்டபின், சொல் தவறாத எழுபதின்மர் தீப்புகுகின்றனர். அவளது படைக்கலம் நகமோ பல்லோ அன்று, வழக்கு. குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டில் அவள் இன்றும் பாடப்பெறுகிறாள். கேரளத்தில் கள்ளியங்காட்டு நீலியாகி, கடமற்றத்துக் கத்தனாரால் அடக்கப்படுகிறாள். 2025இல் டொமினிக் அருண் இயக்கத்தில் வெளிவந்த 'லோகா' திரைப்படம் அவளைப் பழங்குடிச் சிறுமியாகத் தொடங்கிக் காப்பவளாக மாற்றியது. அடக்கப்பட்டவளை மீட்டது அதன் சிறப்பு. எனினும் அவள் முறையிட்ட அவையும், அவள் பொய்யை மெய்யென நம்பிய எழுபதின்மரும் அப்படத்திற்குத் தேவைப்படவில்லை.

நீலியை விளையாட்டில் கொணர விழைவோர்க்குரிய உண்மையான சிக்கல் இதுவே. அவளை வெல்ல வாள் உதவாது. வாளைக் கீழே வைக்கச் செய்வதே அவள் சூழ்ச்சி. ஆட்டத்தை ஆடுபவர் வணிகனாக இருந்தால் அவையினரை நம்பவைக்க வேண்டும். அவையினராக இருந்தால் பிழையாகத் தீர்ப்பளித்தபின் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும்.