தான்றிக்காய்க் கணக்கு

நளவெண்பாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அன்னத்தோடு நின்றுவிடுகிறார்கள். கொஞ்சம் தாண்டினால் கலி, விதி, அப்புறம் சூது குடியைக் கெடுக்கும் என்ற பள்ளிக்கூட நீதி. எனக்கு அந்தக் கதையின் மையம் ஒரு தான்றி மரத்தடிதான்.

தமயந்தியின் மறு சுயம்வரச் செய்தி கேட்டு இருதுபன்னன் தேரில் பறக்கிறான். ஓட்டுவது வாகுகன், அதாவது உருமாறிய நளன். வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, காய்கள் இத்தனை என்கிறான் மன்னன். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி எண்ணுகிறான். சரியாக இருக்கிறது. தன் குதிரை வித்தையைக் கொடுத்து அந்த எண் வித்தையை வாங்கிக்கொள்கிறான். கலி அவனை விட்டு இறங்குகிறான். பூசையில்லை, மந்திரவாதியில்லை. கணக்குப் படித்ததும் பேய் ஓடிவிடுகிறது! பழங்காலத்தில் சூதாடு காயே தான்றிக்காய்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த மரம் அங்கே சும்மா நிற்கவில்லை என்று புரியும்.

வியாசரின் வனபர்வத்தில் இரண்டு கிளைகளில் 2095 காய்கள். புகழேந்தியிடம் அது பத்தாயிரம் கோடி. ஓசைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2095 என்று சொல்பவனைச் சோதிக்கலாம். பத்தாயிரம் கோடியை எப்போது எண்ணி முடிப்பது, விடிந்தால் சுயம்வரம் வேறு. (வியாசரும் இலைகளுக்கு ஐந்து கோடி என்கிறார், அவரும் கொஞ்சம் ஓவர்தான்.) செம்பனைத் தோட்டங்களில் சில மரங்களின் குலைகளை எண்ணி வரப்போகும் விளைச்சலைக் கணிப்பார்கள். இருதுபன்னன் செய்வதும் ஏறக்குறைய அந்த வேலை. இயன் ஹாக்கிங் 1975இல் நிகழ்தகவின் வரலாற்றை எழுதியபோது இந்தக் கதையைக் குறிப்பிட்டது அதனால்தான். வெண்பா அதை வியப்பாக மாற்றிவிட்டது. எனக்கு அது இழப்பு.

இந்த வித்தை இன்று போக்கர் மேசையில் எப்படி இருக்கும்? நடுவில் 60 வெள்ளி கிடக்கிறது. எதிராளி 30 போடுகிறான். நீங்களும் 30 போட்டால் மொத்தம் 120. உங்கள் பங்கு அதில் கால்வாசி. ஆக, 25 விழுக்காடாவது ஜெயிக்கும் வாய்ப்பு இருந்தால்தான் போடலாம். இது பாட் ஆட்ஸ். கையிலும் மேசையிலும் சேர்த்து நாலு ஆர்ட்டின் இருக்கிறது, வர வேண்டியது ஒரே சீட்டு, ஆர்ட்டின் வந்தால் ஜெயிப்பு. நீங்கள் பார்க்காத சீட்டு 46, அதில் ஆர்ட்டின் 9. கிட்டத்தட்ட 19.6 விழுக்காடு. இது ஈக்விட்டி. 25க்குக் கீழே, அதனால் சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டும். அதே கை, அதே 30, ஆனால் நடுவில் முதலிலேயே 150 கிடந்திருந்தால்? 210இல் 30 என்பது 14.3தான். தாராளமாகப் போடலாம். அஞ்சில் நாலு தடவை தோற்பீர்கள், இருந்தாலும் அது சரியான முடிவு.

சுங்கை பஞ்சாங்கில் தீபாவளி இரவுச் சீட்டாட்டத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் கடைசி வாக்கியம் எளிதில் இறங்காது. எங்களுக்கு ஜெயித்தவன் கெட்டிக்காரன், தோற்றவன் மடையன், அவ்வளவுதான். நாலு நம்பர் எடுப்பதும் அப்படித்தான். ‘பிக்’ பந்தயத்தில் ஒரு வெள்ளி வைத்தால், பரிசு பெறும் 23 எண்களின் தொகை 6400 வெள்ளி, எண்கள் மொத்தம் 10,000. வைத்த வெள்ளியின் மதிப்பு 64 காசு. கனவில் பாம்பு வந்தாலும் 64 காசுதான்.

ஆனால் நளன் விஷயத்தில் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. முதல் ஆட்டத்தில், கலி பிடித்து எல்லாவற்றையும் தோற்ற நிலையிலும், புட்கரன் தமயந்தியைப் பணயமாகக் கேட்டபோது நளன் வைக்கவில்லை. தருமனிடமிருந்து அவன் வேறுபடும் இடம் என்று நாம் மெச்சுவது அதைத்தான். வித்தை கற்றுத் திரும்பி வந்து என்ன செய்கிறான்? வியாசரிடம் போய்ப் பாருங்கள். தமயந்தியையும் தன் செல்வம் முழுவதையும் வைத்து, ஒரே வீச்சில் ஆடுகிறான். உயிரும் பணயம். பைத்தியம் பிடித்திருந்தபோது செய்யாததைக் கணக்குத் தெரிந்ததும் செய்கிறான்.

ஜெயித்துவிட்டான் என்பது பதில் இல்லை. பாட் ஆட்ஸ் சொல்வது நீண்ட ஓட்டத்தின் சராசரியை. ஒரே வீச்சில் சராசரிக்கு வேலையே இல்லை. 95 விழுக்காடு என்றாலும் மீதி ஐந்தில் தமயந்தி புட்கரன் வீட்டில் இருப்பாள். போக்கர் திறமை விளையாட்டுதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னபோது நண்பர்கள் குதித்தார்கள். திறமைதான், யார் மறுத்தது? அந்தத் திறமை மேசையில் எதை வைக்கலாம் என்று சொல்லித் தராது. வியாசரும் இந்த இடத்தில் நளனை ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஒருவேளை வேறு இடத்தில் பதில் சொல்லியிருக்கிறாரோ என்னவோ. இந்தக் கதையைக் காட்டில் உட்கார்ந்து கேட்பவன், மனைவியை வைத்துத் தோற்ற தருமன். கதை சொன்ன பிருகதசுவர் முடிவில் அந்தச் சூது வித்தையை அவனுக்கும் கற்றுக்கொடுக்கிறார். பிறகு தருமன் விராடன் அரண்மனையில் கங்கன் என்ற பெயரில், சூதாடத் துணையாகச் சேர்கிறான். ஒரு வருடம் ஆடுகிறான். ஜெயித்த காசை விராடனுக்குத் தெரியாமல் தம்பிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறான்.