செயின் கறையும் தறி அறிந்த கையும்

மருதமுனைச் சாரன் வாங்கத் தெரிந்தவர்கள் அதன் முகத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. புரட்டிப் பார்ப்பார்கள். பின்பக்கமும் முன்பக்கத்தைப் போலவே இருக்கிறதா, கட்டத்தின் கோடு ஓரம்வரை கோணாமல் ஓடுகிறதா, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இழை எங்கும் ஒரே நெருக்கமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியில் விரல்களுக்கிடையில் துணியை உரசிப் பார்ப்பார்கள். கல்முனைக்கு வடக்கே கடலோரமாகக் கிடக்கும் இந்த ஊர் கைத்தறிக்காக நாடு முழுவதும் பெயர் பெற்றது என்பதால், இப்படிப் பார்க்கும் கண் அங்கே நெசவாளருக்கு மட்டும் சொந்தமானதல்ல. அதே கண்ணை வேறோர் இடத்திலும் பயன்படுத்த வேண்டும் என்பதே என் கட்சி. சைக்கிள் செயினின் கறுப்புக் கிரீஸ் பட்ட துணியை ஒருவர் சுத்தம் செய்து கொடுத்தால் நாம் கேட்பது ஒரே கேள்வி: கறை போயிற்றா? அது மிக மலிவான பரீட்சை. கத்தரிக்கோலாலும் கறையைப் போக்கலாம். கறை இருந்த இடத்தைப் புரட்டிப் பார்த்து, உரசிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அங்கே துணி துணியாகவே இருக்கிறதா என்று கேட்பதுதான் சரியான பரீட்சை. நெய்தலைப் போலவே இதுவும் இழை அறிந்த கையின் வேலை. அந்த அளவுகோலுக்கு நிற்கக்கூடிய வேலையும்கூட.

முதலில் எதிரியை அறிய வேண்டும். பழைய பெருஞ்சில்லு சைக்கிளில் பெடல் முன்சில்லிலேயே பூட்டியிருந்ததால் செயினுக்கு வேலையே இல்லை. 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருளை வைத்த செயினைச் செய்தார்; 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி தம்முடைய ‘ரோவர்’ சைக்கிளில் செயினால் பின்சில்லை ஓட்டினார். இன்று கல்முனை வீதியில் ஓடும் லுமாலா சைக்கிள்வரை அந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. செயின் ஓடும் பக்கமும் மாறவில்லை. அது வலப்பக்கம். அதனால்தான் கறையும் வலது காற்சட்டை ஓரத்தில், சாரனின் வலது விளிம்பில், வலது கெண்டைக்காலில் விழுகிறது. கெண்டைக்காலில் பட்டதை யாரும் உடனே கவனிப்பதில்லை. அந்தக் காலை மடித்துச் செற்றியில் உட்காரும்போது கறை வீட்டுக்குள் குடியேறிவிடுகிறது. குஷன் உறையின் முன்விளிம்பில் பிறைபோல ஒரு கறுப்புக் கீற்று கிடந்தால், சைக்கிள் கழுவ விறாந்தைக்கு வந்த கதை அல்ல அது. சைக்கிளில் வந்தவர் உட்கார்ந்த கதை.

டப்பாவைத் திறந்தவுடன் கிரீஸ் கறுப்பாக இருப்பதில்லை. பெரும்பாலும் தேன் நிறமாகவோ மஞ்சளாகவோதான் இருக்கும். செயினில் நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகள்; ஒவ்வொன்றிலும் ஊசியும் குழலும் உருளையும் உரசுகின்றன; உரசித் தேய்ந்த உருக்குத் துகள் மாவாகி எண்ணெயோடு கலக்கிறது. அதனோடு வீதித் தூசு, மருதமுனை போன்ற ஊரில் எங்கும் பறக்கும் கடல் மணலின் நுண்பொடி, கொஞ்சம் கறள். ஆகவே இந்தக் கறை இரண்டு பொருள்களின் கூட்டு: ஏந்திச் செல்லும் எண்ணெய், ஏறி வந்த கறுப்புத் துகள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. கிரீஸ் என்பது வெறும் எண்ணெய் அல்ல. எண்ணெயைக் கெட்டியாக்க அதற்குள் உலோகச் சவர்க்காரம் ஒன்றைக் கலந்திருப்பார்கள். 1940கள் தொடங்கி அது பெரும்பாலும் லிதியச் சவர்க்காரம். துவைக்கும் சவர்க்காரத்துக்கு உறவான பொருள்தான், ஆனால் தண்ணீரில் கரையாத உறவு. தண்ணீரை விரட்டுவதற்காகவே செய்யப்பட்ட ஒன்றை வெறும் தண்ணீரால் விரட்டப் பார்ப்பது ஏன் தோற்கிறது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இங்கேதான் கை தேர்ந்தவரும் தேராதவரும் பிரிகிறார்கள். தேராதவர் கறையைக் கண்டதும் தண்ணீரை ஊற்றித் தேய்ப்பார். பஞ்சு இழை தண்ணீர் குடித்து உப்பும். உப்பிய இழைகளுக்கிடையில் எண்ணெய் சிறைப்படும். தேய்த்த தேய்ப்பில் துகள் இழையின் முறுக்குக்குள் இறங்கும். ஒரு ரூபாய்க் குற்றியளவு இருந்தது உள்ளங்கையளவு ஆகிவிடும். தேர்ந்தவர் தண்ணீரைக் கடைசியில்தான் கூப்பிடுவார். அவர் முதலில் எடுப்பது மொட்டைக் கத்தியோ கரண்டி விளிம்போ. மேலே திரண்டு நிற்பதை வெளியிலிருந்து உள்நோக்கி வழித்தெடுப்பார். பிறகு அரிசி மாவையோ முகப் பவுடரையோ தூவி விட்டுவிடுவார். அது தளர்ந்த எண்ணெயில் ஒரு பகுதியைக் குடித்துக்கொள்ளும். அதன் பிறகு அவர் செய்வதைப் பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும்: எண்ணெய்க் கறையின்மேல் இன்னும் எண்ணெய் வைப்பார். சில துளி தேங்காய் எண்ணெய். காரணம் எளிது. எண்ணெய் எண்ணெயில்தான் கரையும். இறுகிப்போன கிரீஸோடு மெல்லிய எண்ணெய் கலந்ததும் அது இளகும். இளகினால் பிடித்து வைத்திருந்த உருக்குத் துகளையும் தூசையும் அவிழ்த்துவிடும். கால் மணி நேரம் பொறுத்து, வெள்ளைத் துணியொன்றால் ஒற்றி எடுத்தால், கறுப்பு அந்தத் துணிக்கு மாறுவதைக் கண்ணால் காணலாம். வெள்ளைத் துணி என்பது இதற்காகவே. எவ்வளவு வந்தது, இன்னும் வருகிறதா என்று அதுதான் கணக்குச் சொல்லும்.

இந்த யோசனையின் வம்சம் பெரிது. நியூயோர்க்கில் தையற்காரராக இருந்த தோமஸ் ஜெனிங்ஸ் தண்ணீரின்றித் துணி சுத்தம் செய்யும் முறையொன்றுக்கு 1821இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதற் கறுப்பினத்தவராகக் கருதப்படுபவர் அவர். 1836இல் காப்புரிமை அலுவலகம் எரிந்தபோது அவருடைய செய்முறையும் சாம்பலானது. பாரிஸில் ஜொலி என்ற சாயத்தொழிலாளியின் வீட்டில் விளக்கு கவிழ்ந்து எண்ணெய் கொட்டிய மேசைவிரிப்பு, கொட்டிய இடத்தில் மட்டும் சுத்தமாகிப் போனது என்றொரு கதையும் உலர்சலவைக்காரர்களிடையே உலவுகிறது. கதை உண்மையோ இல்லையோ, வேதியியல் உண்மை. தேங்காய் எண்ணெய்ப் போத்தல் எந்த வீட்டுக் குசினியிலும் இருக்கும் கிழக்குக் கரையில் அதே காரியத்துக்கு உலர்சலவைக் கடையைத் தேட வேண்டியதில்லை.

எண்ணெய் தன் வேலையை முடித்த பிறகு சவர்க்காரத்தின் முறை. இதிலும் ஒரு நுட்பம் உண்டு: நனைக்காத துணியிலேயே சவர்க்காரத்தையோ பாத்திரம் கழுவும் திரவத்தையோ பூசி, விரல் நுனியால் மெல்ல ஊட்ட வேண்டும். சவர்க்கார மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். தண்ணீர் வருவதற்கு முன்பே எண்ணெயைப் பிடித்துவிட்டால், தண்ணீர் வந்ததும் எல்லாம் சேர்ந்து புறப்படும். கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரில் இது எப்போதும் சுலபமல்ல. உவர் கலந்த தண்ணீரில் சாதாரணச் சவர்க்காரம் திரிந்து வெள்ளைப் படலமாகித் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெயில் காய்ச்சிய சவர்க்காரமோ உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். கப்பல்காரருக்கென்று ஒரு காலத்தில் தனியாகச் செய்ததும் அதுதான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் கிணறுகளுக்குள் புகுந்த ஊர்களில் இந்த வேறுபாடு வேதியியல் பாடமாக மட்டும் இருந்திருக்காது.

துணியின் பக்கம் வருவோம். என் வாதத்தின் பலம் அங்கேதான். கைத்தறிச் சாரன் நூலுக்குச் சாயமேற்றி நெய்யப்படுவது. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் மூன்றாவது நிறம். பொறுமையிழந்தவர் அதன்மேல் குளோரின் வெளுப்பானை ஊற்றினால் என்ன நடக்கும்? உருக்குத் துகளையும் தூசையும் அது போக்காது. சாயத்தைத் தின்னும், எல்லாச் சாயத்தையும் ஒரேயளவில் தின்னவும் தின்னாது. சிவப்பு ஓடிப்போய் நீலம் நிற்க, சந்திக்கும் கட்டத்தில் நெய்தவர் நினைத்திராத ஒரு நிறம் முளைக்கும். இரும்புத் துகள் வெளுப்பானில் இன்னும் வேகமாகத் துருப்பிடித்துக் கறுப்புக்குப் பதில் மண் நிறத்தை விட்டுப் போகும். அந்தக் கறள் மஞ்சளுக்கு மருந்து வேறு: எண்ணெய் முழுக்கப் போன பிறகு தேசிக்காய்ச் சாறும் உப்பும். புளிப்பு அந்தக் கறளின் இரும்பைக் கட்டி இழுத்துக் கரைக்கும். அதையும் முதலில் உள்மடிப்பில் ஒரு துளி வைத்துப் பார்க்காமல் முகத்தில் வைப்பவரைத் தேர்ந்தவர் என்று சொல்ல மாட்டேன். தேய்க்கும் திசைக்கும் இதே நியாயம்தான். வட்டமாகத் தேய்த்தால் இழை விலகும், மயிர் எழும்பும். வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் சல்லடையாகத் தெரியும். பாவின் போக்கிலேயே ஒற்றி ஒற்றி எடுப்பவர், தறியில் அந்தத் துணி எப்படி நின்றது என்று அறிந்தவர்.

செற்றித் துணி இன்னும் கடினமான சோதனை. பெரும்பாலும் அது பொலியெஸ்டர். பஞ்சு தண்ணீரை விரும்பும் இழை. பொலியெஸ்டர் எண்ணெயை விரும்பும் இழை. கிரீஸைத் தன்னுடையதாகவே வைத்துக்கொள்ளப் பார்க்கும். சூடு பட்டால் அது இன்னும் ஆழமாக இறங்கும் என்பதால் ஸ்திரிப்பெட்டியும் கொதிநீரும் அதன் பக்கமே வரக்கூடாது. துணியை முக்கி அலசவும் முடியாது. உறையைக் கழற்ற முடிந்தால் பாக்கியம், முடியாவிட்டால் ஊற்றுவதெல்லாம் உள்ளே இருக்கும் மெத்தைக்குத்தான் போய்ச் சேரும். ஆகவே துணியில் எண்ணெயைத் துளியாகத் தொட்டு வைத்து, ஒற்றி, சவர்க்கார நுரையை மட்டும் வைத்து, ஈரத்துணியால் ஒற்றி, உலர்துணியால் ஒற்றி முடிக்க வேண்டும். எவ்வளவு குறைவாக ஊற்றினார் என்பதில் இங்கே திறமை தெரியும்.

மண்ணெண்ணெய் ஒரு நிமிடத்தில் செய்வதற்கு இத்தனை சடங்கு எதற்கு என்று கேட்கலாம். சைக்கிள் திருத்தும் கடைகளில் கை கழுவுவதே அதில்தான். செயின் கழுவுவதும் அதில்தான். மண்ணெண்ணெய் கிரீஸைக் கரைக்கும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கரைத்ததை அது எங்கே கொண்டுபோகிறது என்று பார்க்க வேண்டும். மெல்லியது என்பதால் விறுவிறுவென்று பரவி, ஓரத்தில் கறுப்பு வளையமொன்றைக் கட்டிவிட்டு ஆவியாகும். ரப்பர் கலந்த தும்பு மெத்தையானால் ரப்பரை உப்ப வைத்துக் கெடுக்கும். மணம் நாட்கணக்கில் நிற்கும். நெருப்புப் பயம் வேறு. உருக்குக்கு நல்லது, உறைக்கு ஆகாது. பெற்றோலைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இன்னொரு கேள்வி கொஞ்சம் நியாயமானது. துணி மலிந்துபோன காலத்தில் புதிதாக ஒன்று வாங்குவதே சிக்கனம் அல்லவா? ஆலைத்துணிக்கு இது பொருந்தலாம். 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது இலங்கைக் கைத்தறி செழித்தது. 1977இல் சந்தை திறக்கப்பட்டதும் வெளிநாட்டுத் துணியின் விலையோடு மோத முடியாமல் தளர்ந்தது. சுனாமி மருதமுனையில் உயிர்களோடும் வீடுகளோடும் தறிகளையும் கொண்டுபோயிற்று. அந்தத் தறிகளில் ஒன்றில் நெய்த கட்டில் விரிப்புக்கு ‘புதிதாக ஒன்று’ எந்தக் கடையிலும் கிடையாது. அதைக் காப்பாற்றுவதற்கு ஒரு பின்னேரத்தைச் செலவிடுவது வீண்செலவென்று எனக்குப் படவில்லை.

இதையெல்லாம் கலை என்று சொல்வது மிகை என்பவர்களும் இருப்பார்கள். நெசவைக் கலை என்று ஒப்புக்கொள்ளும் அதே வாய் சலவையை வேலை என்று மட்டும் சொல்வதற்குக் காரணம் வேலையில் இல்லை, செய்தவர்களில் இருக்கிறது. உவர்மண்ணும் வெள்ளாவியும் வைத்து இழையின் சுபாவத்தை நெசவாளருக்கு நிகராக அறிந்திருந்த வண்ணார்களைத் தமிழ்ச் சமூகம் சாதிப்படியில் கீழே நிறுத்தியது. வீட்டுக்குள் அந்த அறிவு பெண்களின் கையில் இருந்ததால் அது அறிவாகவே எண்ணப்படவில்லை. நெய்தவரின் திறமை துணியில் கண்முன்னே நிற்கிறது. கறை எடுத்தவரின் திறமையோ எதுவும் தெரியாமல் இருப்பதில் இருக்கிறது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் பாராட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று நினைப்பது ரசிகனின் குறை.

எங்கே நிறுத்துவது என்பதையும் வைத்துத்தான் அந்த ரசிகன் மதிப்பிட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையில், ஒருமுறை துவைத்து ஸ்திரி போட்டும் முடித்த பழைய செயின் கறையென்றால், எண்ணெய் முழுக்க வந்த பின்னும் சாம்பல் நிற மங்கல் ஒன்று மிஞ்சும். பஞ்சிழையின் முறுக்குக்குள் இறங்கிய துகள் அது. அதைக் கரைக்கும் பொருள் குசினியில் கிடையாது. தூரிகையை எடுத்தால் அரை மணி நேரத்தில் அதையும் போக்கலாம், கூடவே துணியின் மேல்மயிரையும் போக்கலாம். அந்த மங்கலைத் தொடாமல் வெயிலில் காயப்போட்ட கைக்கு நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன். அடுத்தடுத்த துவைப்புகளில் இழை நனைந்து உப்பிக் காயும்போதெல்லாம் துகள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ஒரு தவணை முடிவதற்குள் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.