உறையின்மேல் ஒரு சொல்

2025 மார்ச் 8 அன்று இலண்டனில் இளையராஜாவின் முதலாவது சிம்பொனியான ‘வேலியண்ட்’ அரங்கேறிய வாரத்தில், இராயபுரத்துப் பாடகர் குழு இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். கையில் ஒரு நகல் குறுந்தகடு. அதன்மேல் பேனாவால் ‘இளையராஜா சிம்பொனி’ என்று எழுதியிருந்தது. “இது எங்கள் வீட்டில் இருபது வருடமாக இருக்கிறதே சாமி, பிறகு இலண்டனில் நடந்தது எப்படி முதலாவது?” என்றார்.

கேள்வி நியாயமானதே. அத்தட்டில் இருந்தது 2005இல் வெளிவந்த திருவாசக இசைப்பேழை. அது ‘திருவாசகம் இன் சிம்பொனி’ என்னும் பெயர் தாங்கி வந்தது. ‘இன்’ என்ற அச்சிறு சொல்லில்தான் பொருளே இருக்கிறது. சிம்பொனி இசைக்குழு வாசிக்க, அதனோடு இயைந்து ஒலிக்கும் திருவாசகம் என்பதே கருத்து; வாசித்ததும் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவே. ஆனால் மக்கள் நாவில் முதலில் உதிர்ந்தது அந்த ‘இன்’தான்! 1993இல் இளையராஜா இலண்டன் இசைக்குழுவுக்கென எழுதிய சிம்பொனி வெளிவராமலே நின்றுவிட, அதற்காகக் காத்திருந்த காதுகள் உறையில் அச்சொல்லைக் கண்டதும் பற்றிக்கொண்டன.

விளைவு சிறிதன்று. சிம்பொனி பெரும்பாலும் கருவிகளே பேசும் வடிவம். பேத்தோவன் 1824இல் தம் ஒன்பதாவதில் பாடகரைச் சேர்த்தது விதிவிலக்கு. திருவாசகப் பேழையிலோ சொல்லே அரசு. ஆறு பகுதிகளிலும் மாணிக்கவாசகரே முன்நிற்கிறார். இடையே ஸ்டீபன் ஷ்வார்ட்ஸின் ஆங்கில வரிகள். “பாட்டு வந்துவிட்டதே, இது சிம்பொனியா?” என்று குறைகூறியோர் படைப்பை எடைபோடவில்லை, உறையை எடைபோட்டார்கள்.

இதற்குரிய பெயர் ஒரட்டோரியோ. நமக்கு அது அந்நியச் சொல் அன்று. 16ஆம் நூற்றாண்டில் உரோமையில் புனித பிலிப்பு நேரி எளிய மக்களைக் கூட்டி, செபமும் மறையுரையும் பாடலுமாக நடத்திய செபக்கூடத்தின் பெயரே பின்னர் அவ்விசை வடிவத்துக்கும் ஆயிற்று. ஒப்பனையில்லை, நடிப்பில்லை, தனிக்குரல், குழுக்குரல், கருவிகள், திருமொழி, அவ்வளவே. 1742இல் டப்ளினில் முதன்முதல் ஒலித்த ஹாண்டலின் ‘மெசியா’வும் இவ்வினமே. சைவத் திருமுறை ஒன்று இவ்வடிவத்தில் வந்து அமர்ந்ததே அப்பேழையின் புதுமை. உறை அதனைச் சொல்லியிருக்கலாம். விற்பனைக்குச் சிம்பொனி என்னும் சொல்லே பெரிதாகப் பட்டிருக்கும் போலும்.

இளைஞரின் தட்டில் இருந்த சொல்லை அடித்துவிட்டு, ‘ஒரட்டோரியோ’ என்று எழுதிக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி வாசித்தவர், “மருந்துப் பெயர் மாதிரி இருக்கிறதே சாமி” என்றார்.