எல்லைப்புற இருமொழியமும் கடற்சொற்களும்

தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ (1956) சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தில் சாகித்திய அக்காதெமி வெளியீடாக 1962இல் வந்தபோது மலையாளத் தலைப்பே தமிழிலும் நின்றது. மலையாளத்தில் செம்மீன் என்பது இறால். தமிழில் அவ்வழக்கு இன்மையால் உள்நாட்டு வாசகர் அதனைச் சிவந்த மீன் என்றே கொள்வர்.

பாலக்காட்டுச் சித்தூர், இடுக்கித் தேவிகுளம் முதலிய எல்லைப் பகுதித் தமிழர்க்கு இம்மயக்கம் நேராது. சந்தையில் செம்மீன் என்று கேட்டு வாங்கி, வீட்டில் இறால் என வழங்குவோர் அவர். ஆயின் இவ்விருமொழியறிவு மீன்கூடையோடு நின்றுவிடுகிறது. மலையாளத் ‘துற’ மீனவர் குடியிருப்பு. தமிழ்த் ‘துறை’யோ நீரில் இறங்குமிடம், அன்றேல் அரசுப் பிரிவு. ‘திர’ அங்கு அலை. தமிழ்ப் பேச்சில் திரை தொங்கும் துணியே. மழைக்காலத்து ஆலப்புழைக் கடலோரத்தில் சேறு திரண்டு, அலை அடங்கி, மீன் பெருகக் கூடுவது ‘சாகர’. கடலறியாதார் அச்சொல்லை எதிர்பாரா வரவு என்னும் உருவகப் பொருளிலேயே பெரிதும் அறிவர். எல்லைப்புறத்தார் இருமொழி வல்லர்; ஆதலின் மலையாள மொழிபெயர்ப்புக்கு அவரே தக்கார் என்னும் கருத்து கடற்சொற்களைப் பொறுத்தமட்டில் ஏற்கத்தக்கதன்று. ‘பொழி’ முதலிய சொற்களை மலையாளத்தோடு பொதுவாகக் கொண்ட குமரிக் கடற்கரைத் தமிழே இங்கு உற்ற துணை.

தலைப்பை ‘இறால்’ என மாற்றியிருப்பின் பொருள் துல்லியமாகும்; இழப்பும் நேரும். பதிற்றுப்பத்தில் செம்மீன் என்பது கற்புக்கு உவமையாகும் அருந்ததி மீன். கடல்மேற் சென்றவன் உயிர் கரையிலுள்ள மனைவியின் கற்பைச் சார்ந்தது என்னும் நம்பிக்கையே இந்நாவலின் அடிப்படை. மலையாளத்தில் இறாலாக இருந்த பெயருக்குத் தமிழில் இவ்வொளியும் வாய்த்தது.