வாசல் பலகை

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று பெயர். அழகான ஏவல். பாப்பாவுக்குச் சொல்லியாயிற்று. பக்கத்தில் நிற்கும் டீச்சருக்கு என்ன சொல்கிறோம்?

எங்கள் பகுதி அங்கன்வாடியின் வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை குறுக்கே இருக்கும். வெளியே வேப்பமர நிழல், மணல். உள்ளே இருபது பிள்ளைகள். “பத்து நிமிஷமாவது வெளியே விடக்கூடாதா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். “ஆயாம்மா அடுப்படியில நிக்கிறாங்க. நான் ஒருத்தி. ஒண்ணு ரோட்டுக்கு ஓடி, ஒண்ணு விழுந்தா யாரைக் கேப்பாங்க மேடம்?” என்றார் டீச்சர். பலகையைச் சோம்பலென்று படித்த என் வாசிப்பு அங்கேயே முறிந்தது.

1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து, பதிவேடு எழுதி, கைப்பேசிச் செயலியில் ஏற்றிய பிறகு மிஞ்சும் நேரம்தான் விளையாட்டுக்கு. ஒன்றிய அரசின் ஏட்டில் இந்த உழைப்புக்குப் பெயர் இன்றும் ‘மதிப்பூதியம்’. பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்துமென உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2022 வரை ஆனது. தாய்மை என்று புகழ்வது எளிது, புகழுக்குச் செலவில்லை.

கண்ணுக்குத் தெரியாத பலகை இன்னொன்றும் உண்டு. வயதுக்கு வந்த நாளோடு பாண்டியும் மரமேறலும் நின்றுபோன பெண்கள் நாம். ‘ஓடாதே, குதிக்காதே’ என்று வளர்த்த உடம்பை, பல ஆண்டு கழித்துப் பயிற்சி அரங்கின் நாற்காலியில் உட்காரவைத்து, ‘பிள்ளைகளை ஓடவிடுங்கள்’ என்று திரையில் படம் காட்டுகிறோம்.

பயிற்சியை மணலில் வைத்துப் பாருங்கள். கிச்சுக்கிச்சுத் தாம்பாளத்துக்கு மணலைக் கரைபோலக் குவித்து, துரும்பை ஒளித்து, இரு கை கோத்து மூடும்போது அளவும் இடமும் ஊகமும் சேர்ந்தே வருகின்றன. அந்த அறிவு டீச்சரின் விரல்களில் ஏற்கெனவே இருக்கிறது. அவர் முதலில் ஆடட்டும். பிறகு எதற்காக ஆடினோம் என்று பேசலாம்.

கூடவே இன்னொரு ஆள், ஒரு வேலி, சிராய்த்த முழங்காலுக்கு டீச்சரைக் குற்றவாளியாக்காத ஒரு விதி. இந்த மூன்றும் இல்லாமல் தரப்படும் வெளிவிளையாட்டுக் கையேடு, ஏற்கெனவே நிறைந்த மூட்டையில் இன்னொரு கல். பலகையை எடுக்கச் சொல்வதற்கு முன், அதைத் தனியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் கையைப் பார்ப்போம்.