கோரை நிறமும் கருநிற விலக்கும்: செசபீக் விரிகுடா ரிட்ரீவர் தரவரையறையின் நிறவிதி குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வாத்து வேட்டையில் சுடப்பட்டு நீரில் விழும் பறவையைக் கவ்விக் கொணரும் நாய்கள் ரிட்ரீவர் எனப்படுகின்றன. அவற்றுள் செசபீக் விரிகுடா ரிட்ரீவர் இனத்துக்குரிய அமெரிக்கன் கென்னல் கிளப்பின் தரவரையறை, நாயின் நிறம் அது வேலை செய்யும் சூழலின் நிறத்தை இயன்றவரை ஒத்திருக்க வேண்டும் என விதிக்கிறது. இவ்விதியைப் பனுவலாகக் கொண்டு அதன் சொல்லாட்சி, மதிப்பெண் பகுப்பு, விலக்கு ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. உருமறைப்பைக் காரணமாகச் சொல்லும் விதி, செயலளவில் இனத்தின் எல்லையைக் காக்கும் விதியாக இயங்குகிறது என்பது இதன் முடிபு.

திறவுச் சொற்கள்: ரிட்ரீவர், தரவரையறை, உருமறைப்பு, நிறப்பெயர், வாத்து வேட்டை

முன்னுரை

செசபீக் விரிகுடா அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களை ஒட்டி அமைந்தது. குளிர்காலத்தில் வலசை வரும் வாத்துகள் இங்குத் தங்குகின்றன. 1807ஆம் ஆண்டு, மூழ்கும் நிலையிலிருந்த ஆங்கிலக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட இரண்டு நியூஃபவுண்ட்லாந்து நாய்க்குட்டிகளோடு இவ்வினத்தின் வரலாறு தொடங்குவதாகக் கூறப்படுகிறது. 1964இல் மேரிலாந்து இதனைத் தன் மாநில நாயாக ஏற்றது. நீரையும் கோரையையும் சார்ந்து வளர்ந்த இனம் என்பதால், அதன் நிறத்துக்குச் சூழலைக் காரணம் காட்டும் விதி இயல்பானதாகவே தோன்றும். அக்காரணம் விதி முழுவதற்கும் பொருந்துகிறதா என்பதே ஆராயத்தக்கது.

நிலத்தால் அமைந்த நிறப்பெயர்கள்

தரவரையறை ஏற்கும் நிறங்கள் மூன்று: பழுப்பு, கோரை, காய்ந்த புல். இவற்றுள் பின்னிரண்டும் நிலத்திலிருந்து பெறப்பட்ட பெயர்கள். கோரை என்பது செம்மை கலந்த பழுப்பையும், காய்ந்த புல் என்பது மங்கிய வைக்கோல் சாயல்களையும் குறிக்கின்றன. பெயரிலேயே பயனும் அடங்கியிருப்பதால் நிறத்துக்குத் தனி நியாயம் தேவைப்படவில்லை. ஆயின் இப்பெயர்கள் காட்டும் நிலம் ஒரு பருவத்தின் நிலம் மட்டுமே. இலையுதிர்காலக் கரையில் மறையும் நாய், பனி மூடிய கரையில் துலக்கமாகத் தெரியும். ஆர்கன்சாவின் நீர்தேங்கிய காடுகளில் கரிய மரத்தடிகளுக்கிடையே வைக்கோல் நிறத்தைவிடக் கருநிறமே சூழலோடு இயையும். ‘வேலை செய்யும் சூழல்’ என்னும் பொதுத்தொடரை அப்படியே கொண்டால், இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப ஏற்புடைய நிறமும் மாற வேண்டும். தரவரையறையோ கருநிறத்தை எவ்விடத்துக்கும் விலக்குகிறது. வெண்மையையும் மார்பு, வயிறு, விரல்கள், பாதத்தின் பின்புறம் ஆகிய இடங்களில் சிறு புள்ளியளவிலேயே பொறுத்துக்கொள்கிறது.

நான்கும் பதினெட்டும்

இதே ஆவணத்தின் மதிப்பெண் பகுப்பில், 100க்கு நிறம் பெறுவது 4. உரோமமும் அதன் தன்மையும் பெறுவது 18. குளிர்ந்த நீரில் மீண்டும் மீண்டும் இறங்கும் நாய்க்கு எண்ணெய்ப்பசை மிக்க மேல்மயிரும் அடர்ந்த உள்மயிரும் உயிர்காப்பு என்பதால் இப்பகுப்பு தக்கதே. வேலைக்குத் தேவையானது எது என்பதை எண்கள் தெளிவாகவே உரைக்கின்றன. எனினும், 4 மதிப்பெண் மட்டுமே பெறும் அதே நிறம், கருமையாக இருப்பின் நாயைக் கண்காட்சிப் போட்டியிலிருந்தே விலக்கிவிடுகிறது. அளவுகோலில் சிறிதாகவும் தண்டனையில் பெரிதாகவும் நிற்கும் இந்நிலையை உருமறைப்பு மட்டும் விளக்குவதில்லை.

வாத்தின் பார்வை

உருமறைப்பு என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. மனிதக் கண்ணில் நிறமுணரும் கூம்புச் செல்கள் மூவகை, நாய்க்கு இருவகை, வாத்து உள்ளிட்ட பறவைகளுக்கு நால்வகை. மனிதர் காணாத குறுகிய அலைநீள ஒளியையும் பறவைகள் ஓரளவு உணர்கின்றன. எனவே கோரைக்கும் நாய்க்கும் மனிதர் காணும் ஒப்புமை, வாத்துக்கும் அவ்வாறே புலப்படும் என முன்கூட்டியே கொள்ள இயலாது. மேலும், தலையின் இருபுறமும் அமைந்த கண்களால் வாத்து ஏறத்தாழச் சுற்றுமுழுதும் காண்கிறது. அதற்கு அசைவு எளிதில் புலப்படும். வேட்டைக்காரர் நாயை அசையாதிருக்கப் பழக்குவதும், புல் வேய்ந்த மறைவிடத்தில் அமர்த்துவதும் இதனாலேயே.

கனடாவின் நோவா ஸ்கோஷியா டக் டோலிங் ரிட்ரீவர் இதற்கு எதிர்முனைச் சான்று. செந்நிறமும் பெரும்பாலும் வெண்குறிகளும் உடைய அந்நாய், கரையில் ஓடி விளையாடி வாத்துகளின் கவனத்தை ஈர்த்து, மறைந்திருப்பவரின் துப்பாக்கி எல்லைக்குள் வரச்செய்கிறது. அங்குப் புலப்படுதலே பயன். ரிட்ரீவரின் நிறம் மறைப்பதற்கே என்னும் பொதுவிதி இல்லை என்பதை இது உணர்த்துகிறது.

கருநிற விலக்கின் பொருள்

மீட்கப்பட்ட குட்டிகளைப் பற்றி ஜார்ஜ் லா 1845இல் எழுதிய குறிப்பின்படி, ஆண்குட்டி மங்கிய செந்நிறமுடையது, பெண்குட்டி கருநிறமுடையது. மரபாகச் சொல்லப்படும் மூதாதைகளுள் ஒன்றே இன்றைய தரவரையறையால் விலக்கப்படும். விலக்கின் தருக்கம் மரபியலில் தெளிவாகிறது. நாய்களில் கருமை பழுப்பை விஞ்சும் பண்பு. பழுப்பு மரபணு இரட்டையாக அமைந்த பெற்றோர் இருவருக்கும் கருங்குட்டி பிறவாது. ஆகவே பழுப்பில் நிலைபெற்ற இனத்தில் கருங்குட்டி தோன்றினால், அது வேற்றினக் கலப்புக்கான அறிகுறி. லாப்ரடார் இனத்தில் கருமை ஏற்கப்பட்ட நிறம். கரிய லாப்ரடார்கள் வாத்து வேட்டையில் பரவலாகப் பயன்படுகின்றன. கருமையை விலக்குவதால் காக்கப்படுவது வேட்டையின் வெற்றியைவிட இனத்தின் தனித்தன்மையே எனலாம்.

முடிவுரை

நிறவிதியில் இரு நோக்கங்கள் ஒரே காரணத்தின்கீழ் வைக்கப்பட்டுள்ளன. கோரையும் காய்ந்த புல்லும் ஒரு நிலத்தின் வேட்டை அனுபவத்தைச் சொல்லில் சேமித்தவை. அவ்வளவில் அவை பொருளுடையன. கருநிற விலக்கோ இனவரம்பு சார்ந்தது. இனத்தைப் பேணுதல் தன்னளவில் ஏற்கத்தக்க நோக்கம். அதற்குச் சூழலைக் காரணமாகக் காட்ட வேண்டியதில்லை. இரண்டும் பிரித்துரைக்கப்படாதவரை, நிறத்தைப் பார்த்துக் குட்டியைத் தேர்பவர் வேட்டைத்திறனையே தேர்வதாக நம்பக்கூடும். அத்திறனோ உரோமத்திலும் பயிற்சியிலும் அசையாதிருக்கும் பொறுமையிலும் உள்ளது. விதிநூல்களைத் திறனாய்பவர், அவை கூறும் காரணத்தோடு அவை விதிக்கும் தண்டனையையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பதற்கு இந்நிறவிதி தக்க சான்றாகும்.